இத்தாலியின் தொழிலும் அறிவியலும்: நம் நீலகிரியில் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

கோத்தகிரி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் பள்ளியில் கண்காட்சி. வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களுக்கு இத்தாலி வந்திருக்கிறது. அந்த நாட்டின் தொழில், அறிவியல் ஆராய்ச்சி இரண்டையும் காட்ட வேண்டும்.

தெரிந்ததை எழுதச் சொன்னேன். பீட்சா, பைசா கோபுரம், ஃபெராரி கார். அதோடு நின்றுவிட்டது. நான் என் பங்குக்கு கலிலியோ, வோல்டா, மார்க்கோனி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன், ஒருவர் முகத்திலும் அசைவு இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும் கேட்டாள், "இத்தாலிக்கும் நமக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" அவள் அம்மா பச்சைத் தேயிலை பறிக்கிறவர், அப்பா ஜீப் ஓட்டுகிறார். அவள் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது.

அதனால் இங்கே கேட்கிறேன். நம் மாவட்டத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றைக் காட்டி, இது அங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியுமா? இழுத்துக் கட்டிய தொடர்பு வேண்டாம், உண்மையாக இருக்க வேண்டும். நெட்டில் தேடினால் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது, அதைச் சார்ட்டில் எழுதி ஒட்டி வைத்தால் யார் நின்று படிப்பார்கள்? கையால் தொடுகிற மாதிரி, இல்லையென்றால் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

அருவங்காடு குவார்ட்டர்ஸ்:

டீச்சர், அருவங்காட்டிலிருந்தே தொடங்கலாம். குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் பிள்ளைகள் எத்தனையோ தடவை கடந்திருப்பார்கள். என் அப்பா அங்கே கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஃபேக்டரி 1904 வாக்கில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கார்டைட் என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் தள்ளிவிடுகிற, புகை அதிகம் வராத வெடிமருந்து அது. பிசைந்த மாவை இடியாப்ப உழக்கில் பிழிகிற மாதிரி நீள நீளமாகப் பிழிந்து எடுப்பார்கள், கயிறு போல இருப்பதால்தான் அந்தப் பெயர். அந்த மாவில் முக்கியமானவை நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சு என்கிற வெடிபஞ்சும், அப்புறம் கொஞ்சம் வாசலின்.

அந்த நைட்ரோகிளிசரினை உலகத்தில் முதலில் செய்தவர் இத்தாலிக்காரர். தூரின் நகரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த அஸ்கானியோ சொப்ரேரோ. 1847-ல் அதை அறிவித்தார். நாம் சோப்பு செய்யும்போது கிடைக்கிற அதே கிளிசரினை, குளிரவைத்த அமிலக் கலவையில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். எண்ணெய் மாதிரி ஒன்று அடியில் தங்கியது. அந்தக் காலத்து வழக்கப்படி நாக்கில் துளி வைத்துப் பார்த்தார், இனிப்பாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் மண்டையைப் பிளக்கிற தலைவலி. இதையும் அவரே எழுதி வைத்தார். அந்தத் தலைவலிக்குக் காரணம், அது ரத்தக் குழாய்களை விரியவைப்பது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறதே, அதன் வம்சம் இதுதான். என் அப்பா இப்போது சட்டைப் பையில் வைத்திருக்கிற சார்பிட்ரேட்டும் அந்தக் குடும்பத்துப் பங்காளிதான். எங்கள் வீட்டில் சோறு போட்டதும் அது, இப்போது அவர் உயிரைப் பிடித்து வைத்திருப்பதும் அது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு என்னவோ செய்யும்.

சொப்ரேரோ அதைக் கண்டு பயந்தார். ஒரு துளி வெடித்து அவர் முகத்திலேயே தழும்பு விழுந்தது. இது தொழிலுக்கு ஆகாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். ஸ்வீடன்காரர் ஆல்ஃபிரட் நோபல் அதை ஒருவித மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867-ல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆனால் நோபல் மூலத்தை மறைக்கவில்லை. தூரினுக்குப் பக்கத்தில் அவில்யானா என்ற ஊரில் டைனமைட் ஃபேக்டரி வந்தபோது சொப்ரேரோவை ஆலோசகராக வைத்துச் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் டீச்சர், செய்முறை எதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். ஒரு கிளிசரின் பாட்டில், ஒரு காலி மாத்திரை அட்டை, ஃபேக்டரி இருக்கிற இடத்தைக் குறித்த வரைபடம், இந்த மூன்றையும் மேஜையில் வைத்துக் கதையைச் சொன்னாலே போதும்.

மைக்ராஸ்கோப் குன்னூர்:

நான் ஒரு மருத்துவமனை லேப்பில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம்ஸ் பூங்காவுக்கு எதிரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது இல்லையா, வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-ல் தொடங்கியது. பாஸ்டர் பிரெஞ்சுக்காரர், அதனால் இத்தாலி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வெறிநாய்க்கடியில் அன்றைக்கு இருந்த பெரிய சிக்கல், கடித்த நாய்க்கு உண்மையிலேயே வெறி இருந்ததா என்று தெரிந்துகொள்வது. நாயின் மூளையில் கொஞ்சம் எடுத்து முயலுக்குச் செலுத்திவிட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கடிபட்டவர் நிலைமை என்ன ஆவது? 1903-ல் பாவியா என்ற ஊரில் அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், வெறிபிடித்து இறந்த மிருகங்களின் மூளையைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, நரம்புச் செல்லுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். சிவப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். இந்த உருண்டை தெரிந்தால் வெறி உறுதி. வாரக்கணக்கில் காத்திருந்தது சில மணி நேர வேலையாகிவிட்டது. பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல், ஒளிரும் சாயப் பரிசோதனை வரும்வரை, உலகம் முழுக்க வெறிநாய்க்கடி ஆய்வகங்களில் முதலில் தேடியது இந்த நெக்ரி உருண்டைகளைத்தான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதையைப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அந்த ஊசி தேவையா இல்லையா என்று முடிவு செய்ய உதவிய கண் நெக்ரியுடையது. வெறிபிடித்த எல்லா நாயிலும் உருண்டை தெரியாது, தெரியவில்லை என்பதற்காக வெறி இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். நெக்ரி அவற்றை ஒட்டுண்ணி என்று நினைத்தார், அது தவறு, வைரஸ் பெருகுகிற இடம் அது. காரணத்தில் தவறினாலும் அடையாளத்தில் தவறவில்லை. 1912-ல் காசநோயில் போய்விட்டார், நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை.

நெக்ரியின் குரு யார் தெரியுமா? உங்கள் பிள்ளைகள் பாடத்தில் படம் வரைகிற கோல்கை உறுப்பு இருக்கிறதே, அந்த கமில்லோ கோல்ஜிதான். கோல்கை என்பது ஓர் ஆளின் பெயர் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. 1873-ல் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், சமையலறையையே லேபாக மாற்றி, வெள்ளி நைட்ரேட்டை வைத்து நரம்புச் செல்லை முழுசாகக் கறுப்பாக்கிக் காட்டினார். அதுவரை நூல்கண்டு சிக்கல் மாதிரி தெரிந்த மூளையில், ஒவ்வொரு செல்லும் குளிர்காலத்து இலையுதிர்ந்த மரம் போலத் தனித்தனியாகத் தெரிந்தது. 1906-ல் நோபல் பரிசு, ஸ்பெயின்காரர் கஹாலோடு சேர்த்து. சமையலறையில் இருந்து நோபல் வரை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். அப்புறம் ரீத்தா லேவி மொந்தால்ச்சீனியையும் விட்டுவிடாதீர்கள். 1938-ல் யூதர்களுக்கு எதிரான சட்டங்களால் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லாமல் போய், வீட்டில் படுக்கையறையில் லேப் வைத்துக் கோழி முட்டைக் கருவில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தவர். 1986-ல் நோபல்.

மலேரியா கதையும் நம் மலையைத் தொட்டுத்தான் போகிறது. ரொனால்டு ராஸ் 1897-ல் விடுமுறையில் ஊட்டிக்கு வந்து, காய்ச்சலை ஆராய சீகூர் மலைப்பாதையில் இறங்கி, தானே மலேரியா வாங்கிக்கொண்டு திரும்பினார். அதே வருஷம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார், அடுத்த வருஷம் கல்கத்தாவில் பறவை மலேரியாவில் முழுச் சுற்றையும் காட்டினார். ஆனால் மனித மலேரியாவை எந்தக் கொசு பரப்புகிறது, அது அனாபிலஸ்தான் என்று 1898-ல் ரோமில் நிரூபித்தது கிராஸ்ஸி, பின்யாமி, பாஸ்தியானெல்லி என்ற மூன்று இத்தாலியர்கள். 1902 நோபல் ராஸுக்கு மட்டும் போனது. ராஸும் கிராஸ்ஸியும் கடைசிவரை சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேர் உழைப்பும் சேர்ந்தால்தான் கதை முழுசு. நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்காகக் கொய்னா மரம் நட்ட நம் ஊருக்கு இன்னொன்றும் பிடிக்கும். இத்தாலியில் 1900-ல் சட்டம் போட்டு, அரசே கொய்னா மாத்திரை செய்து, உப்பும் புகையிலையும் விற்கிற அரசாங்க உரிமக் கடைகளிலேயே மலிவு விலைக்கு விற்றார்கள். மருந்து மக்கள் போகிற கடைக்குப் போனது, மலேரியாச் சாவு வேகமாகக் குறைந்தது. இதை அவர்களுடைய பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

ஊட்டி மெக்கானிக்:

டீச்சரம்மா, நான் தலைகுந்தா பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பா ஜீப் ஓட்டுகிறார் என்றதும் எழுதத் தோன்றியது.

முதலில் ஸ்கூட்டர். பழைய பஜாஜ் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்ரோல் இறங்கவைத்து, அப்புறம் உதைத்து ஸ்டார்ட் செய்ததைப் பார்க்காத வீடு உண்டா? அந்த வடிவம் வெஸ்பாவின் வடிவம். 1946-ல் பியாஜியோ கம்பெனிக்காக கொராதினோ தஸ்கானியோ வரைந்தது. அவர் மோட்டார் சைக்கிள் ஆளே இல்லை, ஹெலிகாப்டர் செய்த விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. சங்கிலி எண்ணெய் துணியில் படும், பஞ்சரானால் சக்கரம் கழற்றப் பெரும்பாடு, ஏறக் காலைத் தூக்கிப் போட வேண்டும். இந்த மூன்றையும் ஒழித்தார். இஞ்சினைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்ததால் சங்கிலி போச்சு. நடுவில் பலகை மாதிரி இடம் விட்டதால் சேலை கட்டியவர்களும் உட்கார முடிந்தது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்காமல் விமானச் சக்கரம் போல ஒரே பக்கத்தில் பிடிக்கவைத்தார், அதனால் ஸ்டெப்னியை ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். போரில் குண்டு விழுந்து நொறுங்கிய பொந்தெதேரா விமானத் தொழிற்சாலையில் விமானம் செய்ய வழியில்லாமல் போனபோது பிறந்த வண்டி இது. நம் நாட்டில் 1960-களில் பியாஜியோ உரிமத்தில் செய்தார்கள், உரிமம் முடிந்த பிறகு 1972-ல் சேத்தக் வந்தது. என்னிடம் ஒரு பழைய முன் சக்கரம், ஃபோர்க்கோடு சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

இரண்டாவது டீசல். இதுதான் பெரிய விஷயம், ஆனால் வெளியே தெரியாது. பழைய டீசல் வண்டி கல்லட்டி ஏறும்போது கறும்புகை கக்கும், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வர வேண்டும். காரணம், டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்ப் இஞ்சின் வேகத்தை நம்பி இருந்தது. வளைவில் வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும், டீசல் சரியாகத் தூளாகாமல் துளித் துளியாக விழுந்து அரைகுறையாக எரியும். காமன் ரெயில் என்பது இதற்கு மாற்று. டீசலை ஒரு கனத்த குழாயில் எப்போதும் அதிக அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் அது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேலும் போகும். எப்போது, எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும், இஞ்செக்டர் திறக்கும். வளைவில் மெதுவாகப் போனாலும் அழுத்தம் குறையாது. இதைக் காரில் போடும் அளவுக்குக் கொண்டுவந்தது ஃபியட் ஆராய்ச்சி நிலையமும் மாக்னெத்தி மரெல்லியும் தெற்கு இத்தாலியில் இருந்த எலாசிஸ் ஆய்வகமும். ஆனால் ஃபியட்டுக்கு அப்போது கையில் பணம் இல்லாத நேரம். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1997-ல் இதோடு வந்த முதல் கார் ஆல்ஃபா ரோமியோ 156, அதுவும் இத்தாலிக் கார்தான். ஆனால் இன்றைக்கு எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் பாஷ் சிஸ்டம் என்றுதான் சொல்வான்.

பிறகு அதே ஃபியட் 2003-ல் 1.3 மல்டிஜெட் கொண்டுவந்தது. ஒரே வீச்சில் டீசலை அடிக்காமல் துளித்துளியாகப் பல தடவை அடிக்கும், அதனால் சத்தம் குறைவு, புகை குறைவு. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா டீசல் வண்டிகளில் அந்த 1248 சிசி இஞ்சின் இருந்தது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலை நிறுத்தும்வரை நம் டாக்ஸி ஸ்டாண்டில் பாதி வண்டி அதுதான். இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே கொஞ்சம் சோம்பல், வளைவுக்கு முன்பே கியர் குறைக்க வேண்டும், அது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். ஸ்டாண்டுக்குப் போய்ப் பிள்ளைகளை பானெட் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம்.

கோத்தகிரி டீச்சர்:

மூவருக்கும் நன்றி. நேற்று இதையெல்லாம் வகுப்பில் படித்துக் காட்டினேன், மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளே ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சொப்ரேரோ கண்டுபிடித்தார், பணம் நோபலுக்கு. கிராஸ்ஸி நிரூபித்தார், பரிசு ராஸுக்கு. ஃபியட் செய்தது, பெயர் பாஷுக்கு. "கண்டுபிடித்தது இத்தாலி, அனுபவித்தது அயலார்" என்று தலைப்பு வைக்கலாம் என்கிறார்கள். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. வைக்கலாமா?

முத்தோரை மேடு:

வேண்டாம் டீச்சர். சொன்ன மூன்றும் உண்மை, ஆனால் அதிலிருந்து அந்த முடிவுக்குப் போனால் பிள்ளைகள் அரைக் கதையோடு போவார்கள். நான் முத்தோரைக்காரன், இப்போது கீழே ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். இரண்டு எடுத்துக்காட்டு சொல்கிறேன், இரண்டும் எங்கள் ஊட்டிப் பக்கத்திலேயே இருக்கின்றன.

எங்கள் ஊர் ரேடியோ தொலைநோக்கியைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு இரும்புச் சட்டங்களும் கம்பிகளும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிந்தது. இதற்கு ஆறு வருஷம் முன்பே, 1964-ல், பொலோஞா பல்கலைக்கழகம் தன் ஊருக்குப் பக்கத்து மெதிச்சீனா என்ற கிராமத்து வயலில் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு தொலைநோக்கியைத் திறந்திருந்தது. வடக்குச் சிலுவை என்று பெயர். அதன் ஒரு கை 564 மீட்டர், நம்முடையது போலவே பாதி வெட்டிய குழாய் வடிவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். அவர்களுடைய அந்தக் கை சமதரையில் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதனால் ஒரு விண்பொருள் உச்சியைக் கடக்கிற கொஞ்ச நேரம்தான் அதைப் பார்க்க முடியும், மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். நம்முடையது வடக்குத் தெற்காக, ஊட்டி இருக்கிற அட்சரேகைக்கு ஏற்ப 11 டிகிரி சாய்ந்த சரிவில் நிற்கிறது. அந்தச் சாய்வால் அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே திசையில் மெதுவாக உருட்டிக்கொண்டே ஒன்பதரை மணி நேரம் ஒரே பொருளைத் தொடரலாம். இப்படிச் சரிவு தேடித்தான் நம் மலைக்கு வந்தார்கள். அவர்கள் அதை யாருக்கும் விற்கவில்லை, யாரும் பறிக்கவும் இல்லை. வானத்தில் ரேடியோ அலை அனுப்புகிற பல ஆயிரம் மூலங்களைப் பட்டியல் போட்டார்கள், அறுபது வருஷம் ஆகியும் இன்று அதையே விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, தொலைநோக்கிக்குக் கொஞ்ச தூரத்தில் ஊட்டியில் இருக்கிற காஸ்மிக் கதிர் ஆய்வகம். கிரேப்ஸ் என்ற ஆராய்ச்சியில் தரையில் எட்டு மீட்டருக்கு ஒன்று என்று கிட்டத்தட்ட நானூறு கருவிகள் வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து ஒரு துகள் வந்து காற்றில் மோதினால் அது மழையாகச் சிதறும். பல கருவிகள் ஒரே நேரத்தில் துடித்தால் மழை வந்தது என்று அர்த்தம். 2014 டிசம்பரில் நம் ஊர் இடிமேகம் ஒன்றுக்குள் நூறு கோடி வோல்ட்டுக்கு மேல் இருந்ததை இங்கேதான் அளந்தார்கள். இந்த ஒரே நேரம் என்கிற தந்திரம் புரூனோ ரோஸ்ஸி என்ற இத்தாலியருடையது. 1930-ல், இருபத்தைந்து வயதில், ஃபிளாரன்ஸுக்கு மேலே ஆர்ச்செத்ரி குன்றில், ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு சுற்று செய்தார். எல்லாக் கருவியும் ஒன்றாகத் துடித்தால் மட்டும் அது சைகை தரும். 1933-ல் எரித்திரியாவில் அஸ்மாரா என்ற ஊருக்கு இதைக் கொண்டு போனார். அந்த ஊர் நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம். அங்கே, தள்ளித் தள்ளி வைத்த கருவிகள் சேர்ந்து துடிப்பதைக் கண்டார். நம் ஆய்வகம் இன்று எண்ணுகிற அதே காற்று மழையின் முதல் தடயம் அது.

ரோஸ்ஸி கடைசியில் அமெரிக்காவில்தான் வேலை செய்தார். ஏன்? யாரும் அவர் கண்டுபிடிப்பைத் திருடவில்லை. 1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டத்தால் வேலையைப் பறித்து அனுப்பியது அவர் நாடே. மனைவி யூதர் என்பதால் அணு இயற்பியலாளர் ஃபெர்மியும் அதே வருஷம் நோபல் வாங்கப் போனவர் அப்படியே அமெரிக்கா போனார். மேலே அக்கா சொன்ன லேவி மொந்தால்ச்சீனிக்கும் அதே சட்டம்தான். இதை அயலார் அனுபவித்தார்கள் என்று எழுதினால் குற்றவாளி தப்பிவிடுவான். இது பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

காட்டுவதற்கு எளிய வழி: இரண்டு காலிங் பெல் சுவிட்ச், ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, எல்லாவற்றையும் வரிசையாக இணையுங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் எரியும். ரோஸ்ஸியின் வால்வுச் சுற்று வேறு விதம், ஆனால் கேட்கிற கேள்வி இதே கேள்விதான். பேட்டரி வந்துவிட்டதால், அதை முதலில் செய்த வோல்டாவையும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தேயிலைத்தூள்:

முத்தோரைக்காரர் சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். பொலோஞா என்றதும் கை பரபரத்தது. நான் குன்னூரில் தேயிலைப் பாக்கிங் யூனிட்டில் இயந்திரம் பார்க்கிறவன். டீ பேக் கட்டுகிற இயந்திரம் என்றால் எங்கள் தொழிலில் முதலில் வருகிற ஊர் பொலோஞாதான். அங்கே 1961-ல் தொடங்கிய ஈமா கம்பெனிக்கு டீ பேக் இயந்திரத்தில் உலகப் பெயர். அதற்கு முன்பே 1924-ல் ஆக்மா என்ற பாக்கிங் இயந்திரக் கம்பெனி வந்துவிட்டது. டீ பேக் இயந்திரம் தாளை மடித்து, தூளை அளந்து, நூல் கட்டி, சீட்டு ஒட்டி நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் தள்ளும். அந்த வட்டாரம் முழுக்க இப்படிப் பொட்டலம் கட்டும் இயந்திரக் கம்பெனிகள். ஒரு கம்பெனியில் வேலை கற்றவர் வெளியே வந்து தெருவிலேயே இன்னொன்று தொடங்குவார். ஆல்தினி வலேரியானி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற ஒரு தொழிற்பள்ளிதான் அத்தனை ஃபிட்டர்களையும் உருவாக்கிய இடம். திருப்பூரையும் கோவையையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெரிய விஞ்ஞானி பெயர் எதுவும் இதில் இல்லை, ஆனால் நாலு தலைமுறையாகச் சம்பளம் அந்த ஊரிலேயே தங்கியிருக்கிறது.

அப்புறம், தேயிலைத்தூள் கட்டுகிற வெள்ளைப் பின்னல் சாக்கு பாலிப்ரொப்பிலீன். அதை 1954-ல் மிலான் பாலிடெக்னிக்கில் செய்தவர் ஜூலியோ நாத்தா, 1963-ல் ஜெர்மன்காரர் ஸீக்ளரோடு நோபல் வாங்கினார். மொந்தெகாத்தீனி கம்பெனி 1957-லேயே அதை ஃபெராரா ஊரில் தொழிற்சாலை போட்டு விற்றது. ஆராய்ச்சியும் அங்கேயே, தொழிலும் அங்கேயே. பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட நம் மாவட்டத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அப்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். அதே நாட்டில் நொவாராவில் காத்தியா பாஸ்தியோலி என்ற பெண் விஞ்ஞானி மாவுச்சத்திலிருந்து மக்கிப்போகிற பை செய்யும் பொருளைக் கொண்டுவந்தார். 2011-ல் மக்காத கடைப் பைகளை இத்தாலி தடை செய்தபோது மாற்று ஒன்று கையில் இருந்தது.

தாண்டிக்குடி காபி:

நான் பழனி மலைக்காரன், நீலகிரித் திரியில் நுழைவதற்கு மன்னிக்கவும். காபியை விட்டுவிட்டீர்களே! எக்ஸ்பிரஸோ இயந்திரம் தூரின், மிலான் சரக்கு. 1884-ல் மொரியோந்தோ, 1901-ல் பெத்சேரா, 1938-ல் கஜ்ஜா என்று காப்புரிமை மேல் காப்புரிமை. இந்தியக் காபியை அதிகம் வாங்குகிற நாடும் இத்தாலிதான். ஒரு பிடி பச்சைக் கொட்டை வேண்டுமானால் கூரியரில் அனுப்புகிறேன்.

கோத்தகிரி டீச்சர்:

தலைப்பை எடுத்துவிட்டோம். பிள்ளைகளிடம் முத்தோரை சார் எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவர்களே அடித்துவிட்டார்கள். இப்போதைக்குத் தலைப்பே இல்லை, மேஜைகள்தான். அருவங்காடு மேஜையில் கிளிசரின் பாட்டில், மாத்திரை அட்டை. குன்னூர் மேஜைக்கு கோல்ஜியின் நரம்புச் செல் படத்தைக் கறுப்பு மையில் ஒரு பையன் வரைகிறான், நன்றாக வருகிறது. சாக்கும் டீ பேக்கும் ஒரு மேஜை, காபிக் கொட்டை வந்தால் அதன் பக்கத்தில். மெக்கானிக் அண்ணா, சனிக்கிழமை காலை சக்கரத்தை எடுக்க அந்தப் பெண்ணின் அப்பாவே ஜீப்பில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பத்து மணிக்குக் கடையில் இருப்பீர்களா? காலிங் பெல் சுவிட்ச் இரண்டும் நேற்றே வாங்கிவிட்டோம். அவளும் அவள் தோழியும் அழுத்தி அழுத்தி பேட்டரியே தீரப் போகிறது, இன்னொன்று வாங்க வேண்டும்.